வலப்பக்க இருக்கை காலி: தனியாக ஒரு பயிற்சிப் பறப்பு

முதல் தனிப்பறப்பு முடிந்துவிட்டது. இப்போது சர்க்யூட்டை (ஓடுபாதையைச் சுற்றிவரும் பாதையை) விட்டு வெளியேறி, பயிற்சிப் பகுதிக்குத் தனியே போய்வரப் பயிற்றுநர் கையெழுத்திட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். விமானம் செஸ்னா 172எஸ். கீழே வரும் எண்கள் அதற்குரியவை. உங்கள் விமானத்தின் கையேடு வேறு எண் சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

இதுவரை நீங்கள் மறந்ததையெல்லாம் வலப்பக்கத்துக் குரல் ஒன்று நினைவூட்டிவந்தது. இன்று அந்தக் குரலும் உங்களுடையதுதான். வேகம், உயரம், அடுத்த வேலை எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்டுச் சிரிக்க உள்ளே யாரும் இல்லை.

1. எல்லைகளைத் தரையிலேயே எழுதிவிடுங்கள்

பக்கக்காற்று எத்தனை நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வரை போகலாம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதைப் பயிற்றுநரிடம் கேட்டு, தொடையில் கட்டும் பலகையில் குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் உள்ள 15 நாட் பக்கக்காற்று, தேர்ந்த விமானி செய்துகாட்டிய அளவு. அதை உங்கள் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2. எரிபொருள்

இதில் மட்டும் அவசரமே கூடாது. இந்த விமானத்தில் 13 இடங்களில் எரிபொருளை வடித்துப் பார்க்க வேண்டும். நீர் கலந்திருந்தால் அது கோப்பையின் அடியில் தங்கி, நடுவே ஒரு கோடு தெரியும் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் கோப்பை முழுவதுமே நீராக இருந்தால்? கோடே தெரியாது, பார்வைக்குத் தெளிவாகவும் இருக்கும். ஆகவே கோட்டைத் தேடும் முன் நிறத்தைப் பாருங்கள். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் வெளிர்நீலம். கோப்பையை வெள்ளை இறக்கையின் முன் பிடித்தால் அந்த நீலம் தெரிய வேண்டும். முகர்ந்தும் பாருங்கள். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அளவுகோலை விட்டுப் பாருங்கள். முள்ளை மட்டும் நம்ப வேண்டாம்.

3. காலி இருக்கையின் பெல்ட்டைப் பூட்டுங்கள்

சின்ன வேலைதான். நான் அதை மறந்த நாளில், தரையை விட்டு எழும்பிய சில நொடிகளில் வலப்பக்கத்திலிருந்து தடதடவென்று ஓர் அடி. எஞ்சின் கழன்று விழப்போகிறது என்றே நினைத்தேன். கருவிகளைப் பார்த்தால் எல்லா முள்ளும் அதனதன் இடத்தில்! சுற்றிவந்து இறங்கிப் பார்த்தபோது, கதவிடுக்கில் வெளியே தொங்கிய பெல்ட்டின் நுனி விமானத்தின் உடலை அறைந்துகொண்டிருந்திருக்கிறது. அதுபோல் சத்தம் கேட்டால் முதலில் விமானத்தை ஓட்டுங்கள். காரணத்தை இறங்கிய பிறகு தேடலாம்.

4. ஓட்டம், எழும்பல்

எஞ்சின் நிமிடத்துக்கு 1800 சுழற்சியில் ஓடும்போது, தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களின் சோதனை: எந்த ஒன்றிலும் 150க்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் இடையே 50க்கு மேல் வித்தியாசம் கூடாது. 55 நாட்டில் மூக்கைத் தூக்கி, 74 நாட்டில் ஏறுங்கள். ஓர் ஆள் எடை குறைந்திருப்பதால் விமானம் சீக்கிரமே எழும்பும், விறுவிறுவென்று ஏறும். பழகிய இடத்தில் எதிர்பார்த்த உயரம் முன்னதாகவே வந்துவிடும், தயாராக இருங்கள்.

5. பயிற்சிப் பகுதியில்

எதைத் தொடங்கும் முன்பும் இடமும் வலமும் திரும்பி, வேறு விமானம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். எஞ்சின் நின்றால் 68 நாட்டில் சறுக்கி எந்த வயலில் இறங்குவீர்கள் என்பதையும் இப்போதே தேர்ந்துவையுங்கள்.

45 பாகைச் சாய்வில் திரும்பும்போது சுமை 1.4 மடங்காகிறது, ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம்) ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. மூக்கு தாழ்ந்து வேகம் ஏறினால் யோக்கை (கைப்பிடிச் சக்கரத்தை) இழுக்கத்தான் கை துடிக்கும். சாய்வைக் குறைக்காமல் இழுத்தால் விமானம் சுழன்று இறங்கும் வட்டம் இன்னும் இறுகும். முதலில் சாய்வைக் குறையுங்கள், பிறகு இழுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். எடை குறைந்தால், கட்டுப்பாடுகளை முழுமையாகத் திருப்பக்கூடிய உச்ச வேகமும் குறைகிறது: 2550 பவுண்டில் 105 நாட், 2200 பவுண்டில் 98. தனியாகப் பறக்கும்போது பழைய எண்ணையே மனதில் வைத்திருக்காதீர்கள். ஸ்டால் பயிற்சியைப் பயிற்றுநர் அனுமதித்திருந்தால் மட்டும் செய்யுங்கள்.

6. இறங்குதல்

இறுதி நெருக்கத்தில் 65 நாட். எடை குறைவு என்பதால், வேகம் சற்றுக் கூடினாலும் விமானம் தரையைத் தொடாமல் ஓடுபாதை மேலேயே மிதந்துகொண்டிருக்கும். அழுத்தி இறக்க முயன்றால் முன்சக்கரம் முதலில் மோதி விமானம் துள்ளும். பொறுத்திருந்து மூக்கை மெல்ல உயர்த்திப் பிடியுங்கள்.

ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள் சக்கரம் படாவிட்டால் மீண்டும் ஏறிவிடுங்கள். இந்த முடிவை இறங்கும்போது யோசித்து எடுக்கக் கூடாது. கடைசித் திருப்பத்திலேயே சத்தமாகச் சொல்லிவையுங்கள். முழுத் த்ராட்டில், ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகையை) 20 பாகைக்கு, 60 நாட்டில் ஏற்றம், மிச்ச ஃபிளாப் படிப்படியாக. எத்தனை முறை ஏறினாலும் உங்களை யாரும் குறைத்து மதிப்பிட மாட்டார்கள்.

7. நிறுத்திய பின்

மிக்சரை (எரிபொருள் கலவைக் குமிழை) இழுத்து எஞ்சினை அணைத்து, மேக்னெட்டோ, மாஸ்டர் (முதன்மை மின்) சுவிட்ச் இரண்டையும் அணைத்துச் சாவியை எடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரின் எண்ணைக் கையோடு குறித்துக்கொள்ளுங்கள். நான் அதை மறந்துவிட்டு ஓடுதளத்தின் பாதி தூரம் திரும்பி நடந்திருக்கிறேன்.