நெல்லையில் இருப்பதா, சென்னைக்குப் போவதா: இரண்டு ஊர்க் கணக்கை ஒப்பிடும் முறை

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்தவுடன் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் முதலில் பேசப்படுவது சம்பளத் தொகைதான். இங்கே வாங்குவதைவிட அங்கே எவ்வளவு கூடுதல் என்பது தெரிந்துவிட்டால் ஒப்பீடு முடிந்துவிட்டதாகவே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். வாடகையும் கூடுதலாக இருக்குமே என்று யாராவது ஒருவர் சொல்வார். அதற்கு மேல் பேச்சு நகராது. ஒரு நோட்டுப் புத்தகமும் கூட்டல் கழித்தல் கணக்கும் போதும், இதை முறையாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

எந்த ஊர் பணக்கார ஊர் என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு விடை தராது. ஒரே குடும்பம் இரண்டு ஊர்களிலும் வாழ்ந்தால் மாத முடிவில் எவ்வளவு மிஞ்சும், சில ஆண்டுகளுக்குப் பின் அதன் பெயரில் என்ன சொத்து இருக்கும் என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி. ஊர்ச் சராசரிகள் அதற்கு மிகக் குறைவாகவே உதவும் என்பது என் கருத்து. காரணங்கள் அந்தந்த இடத்தில் வரும்.

முதல் படி: எல்லையையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்

எங்கிருந்து எந்த எண்ணை எடுத்தாலும், அது எந்த எல்லைக்கு உரியது, எந்த ஆண்டுக்கு உரியது என்பதை அதன் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். திருநெல்வேலி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 30.77 லட்சம் என்று பல இடங்களில் காணலாம். ஆனால் 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டதால், அந்த எண் இன்றைய மாவட்டத்தைக் குறிப்பதாகாது. சென்னையின் நிலையும் இதுவே. 2011 கணக்கெடுப்பில் வரும் 46 லட்சம் என்பது 174 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பழைய மாநகராட்சிக்கு உரியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அந்த எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. நீங்கள் குடியேற நினைக்கும் சோழிங்கநல்லூர் பழைய எல்லைக்குள் இல்லை. ஆகவே ‘நெல்லை’, ‘சென்னை’ என்று பொதுவாக எழுதாமல், பாளையங்கோட்டை, சோழிங்கநல்லூர் என்று பகுதியின் பெயரையே எழுதி ஒப்பிடுவது நல்லது.

இரண்டாம் படி: வருமானத்தைக் கைக்கு வரும் தொகையாக மாற்றுங்கள்

வேலைக்கான கடிதத்தில் நிறுவனம் எழுதும் ஆண்டுத் தொகை சம்பளம் அன்று. நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடைக்கான (வேலையை விட்டு விலகும்போது தரப்படும் தொகைக்கான) ஒதுக்கீடு, சில இடங்களில் காப்பீட்டுத் தவணை ஆகியவையும் அதற்குள் அடங்கியிருக்கும். எனவே இரண்டு ஊர்களுக்கும் மாதந்தோறும் வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வைப்பு நிதியை மறந்துவிட வேண்டாம். அது செலவாகாமல் உங்கள் பெயரில் சேரும் பணம் என்பதால், பின்னால் சொத்துப் பக்கத்தில் அதற்கு இடம் உண்டு.

அடுத்து, வீட்டில் உள்ள எல்லோருடைய வருமானத்தையும் சேர்க்க வேண்டும். முக்கூடல், மேலப்பாளையம் போன்ற ஊர்களில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களின் வருமானம், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக் கணக்கில் வருவது. அது சிறிதாகத் தோன்றினாலும், குடும்பம் ஊர் மாறினால் அன்றோடு நின்றுவிடும். அதே போல, இங்கே வேலை கிடைக்காமல் இருக்கும் பட்டதாரி மனைவிக்கு அங்கே வேலை கிடைக்கக்கூடும். முதலாவது உறுதியாக இழக்கப்போவது. இரண்டாவது கிடைக்கலாம் என்ற நம்பிக்கை. இரண்டையும் ஒரே மையில் எழுதக் கூடாது. வேலை கையில் கிடைக்கும் வரை அந்த இரண்டாம் சம்பளத்தைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.

தொடக்க நிலையினர் பலர் இந்த இடத்தில் ‘மாவட்டத் தனிநபர் வருமானம்’ என்ற எண்ணைத் தேடி எடுத்து வந்து ஒப்பிடுவார்கள். அந்த எண் ஒரு மாவட்டத்துக்குள் நடந்த உற்பத்தியின் மதிப்பை மக்கள்தொகையால் வகுத்துக் கிடைப்பது; அங்கே வாழ்பவர்களின் கையில் புழங்கும் பணத்தை அது அளப்பதில்லை. கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் இயங்குகின்றன. இராதாபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. அந்த மின்சாரத்தின் மதிப்பு உற்பத்தி நடக்கும் மாவட்டத்தின் கணக்கில் சேரும். அதன் ஆதாயத்தில் பெரும்பகுதி வேறு ஊர்களுக்குப் போய்விடும். மறுபுறம், வளைகுடா நாடுகளிலிருந்து மேலப்பாளையத்துக்கு வரும் பணமும், மும்பையிலும் சென்னையிலும் கடை வைத்திருப்பவர்கள் நாங்குநேரிப் பக்கம் அனுப்பும் பணமும் மாவட்ட உற்பத்தியில் சேராது. ஆகவே அந்த எண்ணை வைத்து நெல்லைக்காரர்களின் வசதியை மதிப்பிட்டால், ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் மதிப்பிட்டவர்களாவோம்.

மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பும் இந்தத் தேவைக்கு ஓரளவே பயன்படும். 2022-23இல் தமிழ்நாட்டில் ஒருவருக்கான சராசரி மாதச் செலவு நகர்ப்புறத்தில் 7,630 ரூபாய், ஊரகத்தில் 5,310 ரூபாய் என்று அது காட்டியது. ஊரகத்துக்கும் நகரத்துக்கும் உள்ள இடைவெளியை அறிய அது நல்ல ஆதாரம். ஆனால் சென்னையும் பாளையங்கோட்டையும் அந்த ஒரே ‘நகர்ப்புறம்’ என்ற தலைப்புக்குள் அடங்கிவிடுவதால், நம் கேள்விக்கு அதில் விடை இல்லை.

மூன்றாம் படி: வீட்டுச் செலவு

இந்தக் கணக்கின் உயிர்நாடி இந்தப் படிதான். முதலில் ஒரே அளவுள்ள வீட்டை இரண்டு ஊர்களிலும் விசாரியுங்கள். இங்கே தனி வீடு, மொட்டை மாடி, கிணறு, வாசலில் வண்டி நிறுத்த இடம் ஆகியவற்றோடு கிடைப்பதை, அங்கே மூன்றாம் மாடியில் இருக்கும் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டோடு அப்படியே ஒப்பிட இயலாது. அலுவலகத்திலிருந்து ஒரே நேரத் தொலைவில் இருக்கும் வீடுகளை எடுத்துக்கொள்வது இன்னும் சரியாக இருக்கும். மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பதையும் கேளுங்கள். சென்னை 2015இலும் தாமிரபரணிக் கரை 2023 டிசம்பரிலும் பட்ட பாட்டுக்குப் பின், அந்தக் கேள்வி இரண்டு ஊர்களுக்கும் பொருந்துகிறது.

வாடகைக்கு அடுத்தபடியாக முன்பணம். தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத நிலையில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஆயினும் சென்னையில் அதைவிடக் கூடுதலாகக் கேட்பது வழக்கமாகவே இருக்கிறது. திரும்பி வரும் பணம்தானே என்று அதைக் கணக்கில் விட்டுவிடக் கூடாது. அந்தப் பணம் வங்கியில் இருந்திருந்தால் எவ்வளவு வட்டி தந்திருக்குமோ, அது உங்கள் செலவு. 20,000 ரூபாய் வாடகைக்கு ஆறு மாத முன்பணம் 1,20,000 ரூபாய். 7 விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு 8,400, மாதத்துக்கு 700 ரூபாய். ஆக உண்மையான வாடகை 20,700 ரூபாய்.

நெல்லைச் சீமையில் ஒத்திக்கு வீடு எடுக்கும் வழக்கமும் உண்டு. ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருந்து, கெடு முடிந்ததும் முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது அது. அதையும் முன்பணம் போலவே மாத வாடகையாக மாற்றலாம். 5 லட்ச ரூபாய் ஒத்தி என்றால், 7 விழுக்காட்டில் ஆண்டுக்கு 35,000, மாதத்துக்குச் சற்றேறக்குறைய 2,900 ரூபாய். அதே போன்ற வீட்டின் வாடகை 6,000 ரூபாய் என்றால் ஒத்தி பெரிய ஆதாயமாகத் தோன்றும். அந்த ஆதாயத்தில் ஒரு பகுதி, உங்கள் பணத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு இருக்கும் அபாயத்துக்கான கூலி என்பதை மறக்க வேண்டாம். சொத்தின் மீது வேறு கடனோ உரிமையோ பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பார்க்காமலும், ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யாமலும் எடுக்கப்படும் ஒத்தியை நான் மலிவு என்று சொல்ல மாட்டேன்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இந்த ஒப்பீட்டில் ஒரு பகுதியை அரசே செய்து வைத்திருக்கிறது. வீட்டு வாடகைப்படிக்காக நகரங்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 2024 சனவரி முதல் அடிப்படைச் சம்பளத்தில் முறையே 30, 20, 10 விழுக்காடு வழங்கப்பட்டது. சென்னை முதல் வகையில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 5 லட்சம் மக்கள்தொகையை எட்டாத திருநெல்வேலி கடைசி வகையில் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய் என்றால் சென்னையில் 13,470 ரூபாயும் இங்கே 4,490 ரூபாயும் கிடைக்கும். வித்தியாசமான 8,980 ரூபாய், இரண்டு ஊர்களின் உண்மையான வாடகை இடைவெளியை ஈடுகட்டுகிறதா என்பதை உங்கள் விசாரிப்பே சொல்லும்.

வீடு வாங்குவதாக இருந்தால் முதலில் அளவைகளை ஒன்றாக்க வேண்டும். இங்கே சென்ட் கணக்கு. சென்னையில் கிரவுண்டு, சதுர அடிக் கணக்கு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆகவே ஒரு கிரவுண்டு ஏறத்தாழ ஐந்தரை சென்ட். அடுக்குமாடி வீட்டில் உங்களுக்குக் கிடைக்கும் நிலம், பத்திரத்தில் ‘பிரிபடாத பங்கு’ என்று எழுதப்படும் அளவு மட்டுமே. வீட்டின் பரப்பைவிட அது பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு பழசாகும், நிலத்தின் மதிப்பு வேறு வழியில் போகும் என்பதால், இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

அதன் பின் வீட்டு விலையை ஆண்டு வாடகையால் வகுத்துப் பாருங்கள். விளக்கத்துக்காக மட்டும் நான் வைத்துக்கொள்ளும் எண்கள் இவை: சென்னையில் 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு மாத வாடகை 18,000 என்றால் விகிதம் ஏறத்தாழ 28, பாளையங்கோட்டையில் 45 லட்ச ரூபாய் வீட்டுக்கு 10,000 என்றால் 37.5. விகிதம் உயர உயர, அந்த ஊரில் வாங்குவதைவிட வாடகைக்கு இருப்பதே சிக்கனம். வாடகை மலிவான ஊரில் வீட்டு விலையும் அதே அளவுக்கு மலிவாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. வெளியூரில் சம்பாதித்தவர்கள் சொந்த ஊரில் மனை வாங்கிப் போடும் இடங்களில், உள்ளூர்ச் சம்பளத்துக்கு எட்டாத விலை நிலைத்துவிடுகிறது. தனி வீட்டுக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் உண்டு. 45 லட்சத்துக்கு அதுவே 4,05,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், 10 லட்ச ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. வீட்டுக் கடனுக்கு, 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு லட்சத்துக்கு மாதம் சுமார் 868 ரூபாய் தவணை என்று நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவற்றை மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

நான்காம் படி: மற்றச் செலவுகள்

அரிசி, எண்ணெய், மருந்து, கைப்பேசிக் கட்டணம் ஆகியவற்றில் பெரிய வேறுபாடு இராது. வேறுபடுபவை போக்குவரத்து, பள்ளிக் கட்டணம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு, ஊருக்கு வந்து போகும் செலவு ஆகியவையே. கடைசியாகச் சொன்னதைப் பலரும் எழுதுவதில்லை. பொங்கல், தீபாவளி, ஆடி அமாவாசை, உறவினர் கல்யாணம் என்று குடும்பத்தோடு வரும் பயணங்களை ஓர் ஆண்டுக்குக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் 2016ஐ 100 என வைத்து 88 மையங்களுக்கு விலைவாசிக் குறியீட்டை வெளியிடுகிறது. ஒரு மையத்தின் எண் மற்றொன்றைவிட உயர்ந்திருந்தால் அந்த ஊர் விலை கூடிய ஊர் என்று பொருள் கொள்ளக் கூடாது. ஒவ்வொரு மையத்துக்கும் அதன் சொந்தப் பழைய விலையே 100. அந்த எண் விலை எவ்வளவு ஏறியது என்பதைத்தான் சொல்லும்.

ஐந்தாம் படி: சொத்தைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்

பாபநாசம் அணையின் நீர்மட்டமும் நீர்வரத்தும் நாளிதழில் தனித்தனியே அச்சிடப்படுவது போல, சொத்தும் வருமானமும் தனித்தனி எண்கள். சொத்திலிருந்து கடனைக் கழித்தால் வருவது நிகரச் சொத்து.

2019இல் நடந்த அனைத்திந்தியக் கடன் மற்றும் முதலீட்டுக் கணக்கெடுப்பில், நகர்ப்புறக் குடும்பம் ஒன்றின் சராசரிச் சொத்து 27.17 லட்ச ரூபாய். அதில் ஏறத்தாழ 87 விழுக்காடு நிலமும் கட்டடமும். சில பெரிய சொத்துக்காரர்களே இத்தகைய சராசரியை மேலே இழுத்துவிடுவார்கள் என்பதால், அதோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு மகிழவோ வருந்தவோ வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது அந்த 87 விழுக்காடுதான்: நிலத்துக்கு என்ன விலை போடுகிறீர்கள் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, தரகர் சொல்லும் விலை, பக்கத்து மனை உண்மையில் கைமாறிய விலை ஆகிய மூன்றும் மூன்று விதமாக இருக்கும். எதை எடுத்தாலும் இரண்டு ஊர்களுக்கும் அதையே எடுக்க வேண்டும். என் தேர்வு மூன்றாவது.

பூர்வீக வீட்டில் உங்கள் பங்கை மட்டும் எழுதுங்கள். இந்துக் குடும்பங்களில் 1989ஆம் ஆண்டு மாநிலத் திருத்தமும் 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தமும் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை தந்திருக்க, இன்றும் அக்கா தங்கையின் பங்கைத் தன் சொத்தாகவே எழுதிக்கொள்ளும் ஆண்கள் நம் பக்கத்தில் குறைவில்லை. நகைக்கு எடைக்குரிய தங்க மதிப்பு மட்டுமே. செய்கூலியும் சேதாரமும் திரும்பி வருவதில்லை.

ஆறாம் படி: இரண்டு பத்திகளையும் கூட்டுங்கள்

நோட்டில் ஊருக்கு ஒரு பத்தியாக, வரவையும் செலவையும் மேலிருந்து கீழாக எழுதிக்கொள்ளுங்கள். மீண்டும் விளக்கத்துக்கான எண்களே. நெல்லையில் கைக்கு வருவது 38,000, வாடகை 8,000, போக்குவரத்து 1,500, மற்றவை 18,000, மிச்சம் 10,500. இங்கே முன்பணத்தின் வட்டி சிறிது என்பதால் விட்டுவிட்டேன். சென்னையில் கைக்கு வருவது 62,000, முன்பண வட்டியோடு வாடகை 20,700, போக்குவரத்து 5,000, மற்றவை 23,000, ஊர்ப் பயணம் 3,000, மிச்சம் 10,300. சம்பளத்தில் இருந்த 24,000 ரூபாய் வித்தியாசம் இருந்த இடம் தெரியவில்லை. வைப்பு நிதி சென்னையில் எவ்வளவு கூடுதலாகச் சேர்கிறதோ, அவ்வளவே அங்கே உண்மையான ஆதாயம்.

இதே குடும்பம் நெல்லையில் பெற்றோரின் சொந்த வீட்டில் இருந்தால் மிச்சம் 18,500 ஆகிவிடும். பெற்றோர் அங்கேயே குடியிருப்பதால், மகன் சென்னைக்குப் போனாலும் அந்த வீட்டை வாடகைக்கு விட இயலாது. வீடு காலியாகும் என்றால் மட்டும் அதன் வாடகையைச் சென்னைப் பத்தியில் வரவாக எழுதலாம்.

கடைசியாக ஒரு கழித்தல் இருக்கிறது. 18,500இலிருந்து 10,300ஐக் கழித்தால் 8,200. சொந்த வீட்டில் இருக்கும் இந்தக் குடும்பத்துக்கு, சென்னையில் கைக்கு 70,200 ரூபாய் வந்தால்தான் மாத மிச்சம் சமமாகும். சம்பளம் பேசப் போகும்போது கையில் வைத்திருக்க வேண்டிய எண் இதுவே. உங்கள் குடும்பத்துக்கு உரிய எண்ணைக் கண்டுபிடித்த பின், பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் அதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.