பணம் கட்டிய ஜெர்சி வரவில்லையா? இப்படிக் கேளுங்கள்

2025 மார்ச் 23, சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மும்பைக்கும் ஆட்டம். அன்று போட்டுக்கொள்வதற்காக, முதுகில் 7-ஆம் எண் அச்சிட்ட மஞ்சள் ஜெர்சி இரண்டுக்கு, மகனுக்கு ஒன்று எனக்கு ஒன்று, மார்ச் 1-ஆம் தேதியே ஓர் இணையக் கடையில் 3,198 ரூபாய் கட்டினேன். ஆட்டம் முடிந்துவிட்டது. ஜெர்சி வரவில்லை. ஆனால் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். இதே நிலையில் நிற்கும் ரசிகர்களுக்காக அந்த வழியை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தயக்கத்தை விடுங்கள். "நம்ம டீம் பெயரில் வந்த பொருள், புகார் கொடுத்தால் நன்றாக இருக்குமா?" என்று என்னிடமே இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். புகார் அணியின் மீது அல்ல. காசை வாங்கிக்கொண்டு பொருளை அனுப்பாத கடையின் மீது. ரசிகனின் அன்பைக் காட்டிப் பணம் வாங்கியவர்கள் அதற்குக் கணக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

பணம் கட்டிய அன்றே அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். மகனுக்குக் காட்ட வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய படம்தான் பிறகு கைகொடுத்தது. அதில் "7 முதல் 10 நாளில் கிடைக்கும்" என்று இருந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் "30 முதல் 45 நாள்" என்று மாற்றியிருந்தார்கள். ஆர்டர் எண், யுபிஐ பரிவர்த்தனை எண், வந்த மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

கூரியர் எண் வந்துவிட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். எனக்குப் பத்து நாளாக "விவரம் பெறப்பட்டது" என்ற ஒரே வரிதான் தெரிந்தது. உள்ளூர் கூரியர் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டேன். கடை முகவரிச் சீட்டை மட்டும் அச்சிட்டிருக்கிறது, பொட்டலம் எங்கள் கைக்கே வரவில்லை என்றார்கள். அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது கடிதம். நம்மில் பலர் செய்யும் தவறு, "எப்போது வரும்?" என்று கேட்பது. அதற்கு "விரைவில்" என்ற பதில்தான் வரும். நான் எழுதியது இவ்வளவுதான்: "சொன்ன கெடு மார்ச் 11-இல் முடிந்துவிட்டது. ஆர்டரை ரத்து செய்கிறேன். 3,198 ரூபாயை, கட்டிய கணக்கிலேயே ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பவும்." கடையின் குறைதீர் அலுவலருக்கே அனுப்புங்கள். அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் இணையக் கடைகள் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்வது இது. தொலைபேசியில் எதையும் பேசி முடிக்காதீர்கள்.

கார்டில் கட்டியவர்கள் உடனே வங்கிக்கும் எழுதுங்கள். பொருள் வரவில்லை என்று சொல்லி, "சார்ஜ்பேக்" (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது) வேண்டும் என்று அந்தச் சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள். அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போட வேண்டாம். கடையே போலி என்று தெரிந்தால் வேறு எதற்கும் காத்திருக்காமல் இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கிறது.

ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லாததால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்தேன். தமிழிலேயே பேசலாம். புகார் எண் தந்து, கடைக்கு அனுப்பிவைக்கிறார்கள். அவர்களால் உத்தரவு போட முடியாது; ஆனால் அதுவரை வாய் திறக்காத கடை மூன்றாம் நாள் என்னை அழைத்தது. பணத்துக்குப் பதில் 4,000 ரூபாய்க்குக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். ஒரு பொருளைத் தராதவர்களிடம் இன்னொரு பொருளை வாங்கச் சொல்லும் ஏற்பாடு அது. வேண்டாம், பணமாகத்தான் வேண்டும் என்று எழுத்தில் அனுப்பினேன்.

பிறகு, 15 நாளில் பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன் என்று விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினேன். இது வெறும் மிரட்டலாக இருக்கக் கூடாது, விவரம் தெரிந்தே எழுதுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையத் தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். விலையோடு வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதினோராம் நாள் மாலை 3,198 ரூபாய் என் கணக்கில் ஏறியது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதே கடையில் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்னும் ஆறு பேர். ஒவ்வொருவரும் தனித்தனியே 1915-இல் பதிந்துவிட்டார்கள். ஒரே குறை உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதி பெற்றுச் சேர்ந்தே மனுப் போடவும் சட்டம் இடம் தருகிறது. அந்த மனுவை இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.