துப்பாக்கியும் வாங்கல, தூண்டிலும் போடல: அமெரிக்க காட்டுக்கு நம்ம காசு போய்ச் சேர என்ன பண்ணணும்

இங்க வந்து செட்டில் ஆன நம்ம ஆளுங்க யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன்னு ஒரு ரவுண்டு அடிச்சு முடிச்சிருப்பாங்க, வீக்கெண்டானா புளியோதரை கட்டிக்கிட்டு நாலு ஃபேமிலியா பக்கத்து ஸ்டேட் பார்க்குக்கு கிளம்பிடுவாங்க, ஆனா இந்த மான், வாத்து, ட்ரெயில், பாத்ரூம் எல்லாத்துக்கும் யாரு செலவு பண்றாங்கன்னு கேட்டா "அதான் டாக்ஸ் பிடிக்கிறானே"ன்னு முடிச்சிடுவாங்க. பிடிக்கிறான்தான். ஆனா பெரும்பாலான மாநிலங்கள்ல வனவிலங்கு துறை ஓடுறது முக்கியமா வேட்டைக்காரங்களும் மீன் பிடிக்கிறவங்களும் கட்டுற காசுல. 2022ல ஃபெடரல் அரசு எடுத்த சர்வேப்படி வேட்டைக்கு போனவங்க 1.44 கோடி, மீன் பிடிச்சவங்க சுமார் 4 கோடி, சும்மா பறவை விலங்கு பார்க்கிறவங்க 14.8 கோடி. நாம அந்த மூணாவது கூட்டம். நமக்குன்னு பில்லு போடுற ஏற்பாடு கிட்டத்தட்ட கிடையாது, அதனால நாமளா தேடிப் போய் கட்டணும், அதுவும் சரியான இடத்துல கட்டணும். அதுக்குத்தான் இந்த பதிவு.

முதல் வேலை, நீங்க போற இடம் யாரோடதுன்னு போர்டுல பாருங்க. ஃபெடரல் பக்கம் நாலு பேர்: நேஷனல் பார்க் சர்வீஸ், ஃபாரஸ்ட் சர்வீஸ், பி.எல்.எம். (பீரோ ஆஃப் லேண்ட் மேனேஜ்மென்ட், பொது நிலத்தை பார்த்துக்கிறவங்க), ஃபிஷ் அண்ட் வைல்ட்லைஃப் சர்வீஸ். இதுல ஃபாரஸ்ட் சர்வீஸ் மட்டும் விவசாயத் துறைக்கு கீழ, மத்த மூணும் உள்துறைக்கு கீழ (இங்க உள்துறைன்னா போலீஸ் இல்ல, நிலம், கனிமம், தண்ணி). இது போக மாநிலத்து வனவிலங்கு துறை தனி, மாநில பார்க் துறை சில ஊர்ல அதோட சேர்ந்தது, சில ஊர்ல தனி. மானும் கரடியும் ஃபெடரல் நிலத்துல நின்னாலும் பொதுவா மாநிலத்தோட பொறுப்புலதான் இருக்கும், இடம் விட்டு இடம் பறந்து போற பறவைக்கு ஃபெடரல் சட்டம். அதனால "காட்டுக்கு கொடுக்கணும்"னு பொத்தாம்பொதுவா கிளம்பினா காசு எங்கயோ போயிடும்.

ரெண்டாவது, ஒவ்வொரு காசுக்கும் ஒரு பூட்டு இருக்கு, அதை பார்த்துக்கோங்க. கோயில் உண்டியல்ல போட்டா கோயிலோட எந்த செலவுக்கு வேணா போகலாம், அன்னதானத்துக்குன்னு ரசீது வாங்கினா சோத்துக்குத்தான் போகணும்ல, அதே கதை. இங்க ரொம்ப கெட்டியா பூட்டுன காசு 1937ல வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தோடது. ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம், வில்லுக்கு 11 சதவீதம்னு தயாரிக்கிற கம்பெனிகிட்ட வரி வாங்கி மாநிலங்களுக்கு பிரிச்சு கொடுக்கிறாங்க. வேட்டைக்கான பங்குல பாதி மாநிலத்தோட பரப்பளவைப் பொறுத்து, பாதி வேட்டை லைசன்ஸ் வாங்கினவங்க எண்ணிக்கையைப் பொறுத்து. மாநிலம் தன் கையிலேர்ந்து கால் பங்கு போடணும், அதோட லைசன்ஸ் ஃபீஸை ரோடு போடவோ ஸ்கூல் கட்டவோ திருப்பக்கூடாதுன்னு சட்டமே போட்டிருந்தாத்தான் இந்த காசு கிடைக்கும். மீனுக்கு 1950ல இதே மாதிரி இன்னொரு சட்டம் வந்துச்சு, தூண்டில் சாமானுக்கு 10 சதவீதம், 1984லேர்ந்து மோட்டார் போட் பெட்ரோல் வரியும் அதுல சேர்ந்துச்சு.

இதுல குறை இல்லாம இல்ல. தேர்தல் நேரத்துல துப்பாக்கிக்கு தடை வரப்போகுதுன்னு ஒரு பயம் கிளம்பினா வியாபாரம் எகிறும், பறவைக்கும் மானுக்கும் காசு கொட்டும், பயம் அடங்கினா குறையும், இப்படி ஒரு வரும்படியை நம்பி பத்து வருஷ பிளான் எப்படி போடுறது. அதோட அந்த சட்டத்துல வனவிலங்குன்னா காட்டுப் பறவையும் பாலூட்டியும்தான். தவளை, ஆமை, சாலமாண்டர் (பல்லி மாதிரி இருக்கும், ஆனா தவளைக்கு சொந்தம்), பட்டாம்பூச்சிக்கெல்லாம் அதுல இடம் இல்ல. அதுங்களுக்கு 2000லேர்ந்து ஸ்டேட் வைல்ட்லைஃப் கிராண்ட்னு ஒண்ணு இருக்கு, ஆனா அது காங்கிரஸ் வருஷா வருஷம் மனசு வச்சு ஒதுக்குறது, சமீபத்துல 7 கோடி டாலர் சுமார், அதை எல்லா மாநிலமும் பங்கு போட்டுக்கணும். சரி, இனிமே நம்ம பங்குக்கு வருவோம்.

எடுத்தவுடனே செய்யக்கூடியது டக் ஸ்டாம்ப், அதாவது வாத்து வேட்டைக்குன்னு ஃபெடரல் அரசு விக்கிற ஸ்டாம்ப். 1934ல ஆரம்பிச்சது, முதல் ஸ்டாம்ப்ல இருக்கிற வாத்து படத்தை வரைஞ்சவர் பத்திரிகை கார்ட்டூனிஸ்ட் டிங் டார்லிங். இப்ப விலை 25 டாலர். வாத்து வேட்டைக்கு போற 16 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்க கட்டாயம் வாங்கணும், ஆனா யாரு வேணாலும் வாங்கலாம், ஒரு கேள்வியும் கேட்க மாட்டாங்க. ஒரு டாலருக்கு 98 சென்ட் சதுப்பு நிலமும் புல்வெளியும் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ போகுது, அதைவிட நேரா போற காசு இந்த ஊர்ல எனக்கு தெரிஞ்சு இல்ல. நேஷனல் வைல்ட்லைஃப் ரெஃப்யூஜ்ல (ஃபெடரல் வனவிலங்கு சரணாலயம்) எங்க என்ட்ரி ஃபீஸ் இருந்தாலும் இதை காட்டினா உள்ள விட்டுடுவாங்க. ஆன்லைன்லயும் கிடைக்கும், பெரிய போஸ்ட் ஆபீஸ்லயும் கிடைக்கும். ஜூலை 1லேர்ந்து ஜூன் 30 வரைக்கும்தான் செல்லும், அதனால மே மாசம் போய் வாங்காதீங்க, ஒரு மாசம் பொறுத்து புதுசா வாங்குங்க.

அடுத்தது நேஷனல் பார்க் பாஸ். 2004 சட்டப்படி வசூலாகிற என்ட்ரி ஃபீஸ்ல பொதுவா 80 சதவீதம் வசூலான இடத்துலயே நிக்கணும், மிச்சம் ஃபீஸ் வாங்காத பார்க்குக்கு உதவும். அப்ப ஃபீஸ் கட்டுறதே ஒரு நல்ல காரியம்தான். அமெரிக்காவுல குடியிருக்கிறவங்களுக்கு வருஷ பாஸ் 80 டாலர். 2026 ஜனவரிலேர்ந்து வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்களுக்கு அதே பாஸ் 250 டாலர், பாஸ் இல்லாட்டி யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன் மாதிரி 11 பார்க்ல ஆளுக்கு 100 டாலர் கூடுதல். ஊர்லேர்ந்து அப்பா அம்மா வர்றாங்கன்னா கிளம்புறதுக்கு முன்னாடி விதியை ஒரு தடவை படிச்சுடுங்க, கேட்ல நின்னு முழிக்க வேணாம்.

ஃபீஸ் கட்டிட்டோம், கடமை முடிஞ்சுதுன்னு நினைச்சுக்காதீங்க. பார்க் ரேஞ்சர், பயாலஜிஸ்ட் இவங்க சம்பளத்துல பெரும்பங்கு காங்கிரஸ் வருஷம் ஒதுக்குற பட்ஜெட்லேர்ந்துதான் வரணும். நிலம் வாங்குறதுக்கு பூட்டுன காசு இருக்கு, கடல்ல எண்ணெய் எடுக்கிற வருமானத்துலேர்ந்து வருஷத்துக்கு 90 கோடி டாலர்னு 2020 சட்டத்துல உறுதி பண்ணிட்டாங்க. உடைஞ்ச ரோடு, பைப் ரிப்பேருக்கும் அதே சட்டத்துல அஞ்சு வருஷத்துக்கு காசு வச்சாங்க. ஆளுக்கு மட்டும் பூட்டு கிடையாது, அதனாலதான் 2025 பிப்ரவரில பார்க் சர்வீஸ்ல சுமார் 1,000 பேரை ஒரே வீச்சுல வெளிய அனுப்ப முடிஞ்சுது. ஃபாரஸ்ட் சர்வீஸ் கதை இன்னும் மோசம், 1995ல பட்ஜெட்ல 16 சதவீதமா இருந்த தீயணைப்பு செலவு 2015ல பாதியைத் தாண்டிடுச்சு, ட்ரெயில் சரி பண்ண வச்ச காசெல்லாம் நெருப்புக்கு போச்சு, 2018ல சட்டம் மாத்தி தீக்கு தனியா ஒதுக்க வேண்டியதாச்சு. இதையெல்லாம் நம்ம நன்கொடை சரி பண்ணாது, அதுக்கு வேற வழி, கீழ சொல்றேன்.

மாநிலத்துக்கு கொடுக்க சுலபமான வழி ஏப்ரல்ல ஸ்டேட் டாக்ஸ் ரிட்டர்ன் போடும்போது வரும். 1977ல கொலராடோ ஆரம்பிச்ச பழக்கம், ரிட்டர்ன்ல ஒரு வரி, விருப்பப்பட்டா இத்தனை டாலர் வனவிலங்குக்குன்னு போடலாம். கலிஃபோர்னியாவுல 1983லேர்ந்து அழியற நிலையில இருக்கிற உயிரினங்களுக்குன்னு இருக்கு, நியூ ஜெர்சிலயும் இருக்கு. சாஃப்ட்வேர்ல போடுறவங்க அந்த பக்கத்தை "நோ, நோ"ன்னு தட்டிட்டு போயிடுறோம், அங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. சாலமாண்டருக்கும் தவளைக்கும் மிச்சம் இருக்கிற சில கதவுல இது ஒண்ணு. டெக்சாஸ்காரங்க காருக்கு கொம்புப் பல்லி படம் போட்ட நம்பர் பிளேட் எடுக்கலாம், வருஷம் 30 டாலர், அதுல 22 பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறைக்கு. கொலராடோவுல 2023லேர்ந்து கார் ரெஜிஸ்ட்ரேஷனோட 29 டாலர் ஸ்டேட் பார்க் பாஸ் தானா சேர்ந்து வரும், வேணாம்னா நீங்கதான் நீக்கணும், நீக்காதீங்க.

இப்ப கொஞ்சம் விவரமான ஐட்டம். தூண்டிலே தொடாட்டியும் ஃபிஷிங் லைசன்ஸ் வாங்கலாம். ஃபீஸ் நேரா மாநில துறைக்கு போகும், அது போக மேல சொன்ன மீன் வரியை பிரிக்கும்போது 60 சதவீதம் லைசன்ஸ் எண்ணிக்கையை வச்சுத்தான் பிரிக்கிறாங்க, அப்ப உங்க தலையும் கணக்குல ஏறும், ஃபெடரல் காசு கொஞ்சம் கூட வரும். சைவம் சாப்பிடுறவங்க சிரிப்பீங்க, சிரிச்சுட்டே வாங்குங்க. ஆனா ஒரு விஷயம், எந்த மாநிலத்துக்கும் 5 சதவீதத்துக்கு மேலயும் 1 சதவீதத்துக்கு கீழயும் போகக்கூடாதுன்னு சட்டம். கலிஃபோர்னியாவும் டெக்சாஸும் ஏற்கெனவே மேல் வரம்புல முட்டி நிக்குது, நியூ ஜெர்சி கீழ் வரம்புல உட்கார்ந்திருக்கு, அங்கெல்லாம் உங்க ஒரு லைசன்ஸால ஃபெடரல் பங்கு அசையாது, ஃபீஸ் மட்டும்தான் லாபம். ஜார்ஜியா, நார்த் கரோலினா, மிச்சிகன் பக்கம் இருக்கிறவங்களுக்குத்தான் இந்த ஐடியா முழுசா வேலை செய்யும். ஹண்டிங் லைசன்ஸும் வாங்கலாமேன்னா, நிறைய மாநிலத்துல ஹண்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சாத்தான் தருவாங்க.

இவ்வளவும் சொன்னாலும் என் கருத்து, நல்ல மனசு உள்ளவங்க தேடிப்போய் கொடுக்கிற காசுல ஒரு துறை ஓடக்கூடாது. மிசௌரியை பாருங்க. 1976ல மக்கள் ஓட்டு போட்டு அரசியலமைப்புலயே சேர்த்தாங்க, வனவிலங்கு துறைக்குன்னு 0.125 சதவீத விற்பனை வரி, 100 டாலருக்கு சாமான் வாங்கினா பன்னிரண்டரை சென்ட். செயின்ட் லூயிஸ்ல இட்லி அரிசி மூட்டை வாங்கினாலும் அதுல இது இருக்கு. வேட்டைக்காரனும் கட்டுறான், ட்ரெயில் போறவனும் கட்டுறான், காட்டுப்பக்கமே போகாதவனும் கட்டுறான், எம்.எல்.ஏ. நினைச்சாலும் வேற செலவுக்கு எடுக்க முடியாது. அர்கன்சா 1996லயும் மினசோட்டா 2008லயும் இதே வழில போச்சு. டெக்சாஸ்ல பூட்டு இல்லாம விட்டு பாடம் படிச்சாங்க, விளையாட்டு சாமான் விற்பனை வரியை பார்க்குக்குன்னு 1993லயே பேர் வச்சாங்க, ஆனா சட்டசபை பல வருஷம் முழுசா கொடுக்கல, 2019ல மக்கள் ஓட்டு போட்டு பூட்டின பிறகுதான் ஒழுங்கா போய்ச் சேருது. ஏழைங்களும் கட்டுற வரியாச்சேன்னு ஒரு ஆட்சேபணை இருக்கு, நியாயம்தான், ஆனா மிசௌரில பெரும்பாலான கன்சர்வேஷன் ஏரியாவுக்கும் நேச்சர் சென்டருக்கும் என்ட்ரி ஃபீஸ் கிடையாது, அந்த ஏழை குடும்பமும் பைசா கொடுக்காம உள்ள போகலாம்.

அதனால கடைசி வேலை இதுதான். சிட்டிசனா இருந்தா நவம்பர் பேலட்ல வர்ற திட்டங்களை தலைப்போட விடாம படிங்க, வரியா கடனான்னு பாருங்க (கலிஃபோர்னியா 2024ல பாஸ் பண்ணின 1,000 கோடி டாலர் பாண்ட் கடன்தான், வட்டியோட திருப்பணும்), காசு எதுக்குன்னு பூட்டியிருக்கான்னு பாருங்க, எத்தனை வருஷத்துக்குன்னும் பாருங்க. எச்-1பி, கிரீன் கார்டுல இருக்கிறவங்க ஓட்டு போட முடியாது, ஆனா மாநில வனவிலங்கு கமிஷன் மீட்டிங் பொதுமக்களுக்கு திறந்ததுதான், மூணு நிமிஷம் பேச விடுவாங்க, எழுதியும் அனுப்பலாம். உங்க தொகுதி காங்கிரஸ் மெம்பர் ஆபீஸுக்கு போன் பண்ணவும் சிட்டிசனா இருக்கணும்னு இல்ல, ஜிப் கோடு கேட்பாங்க, அவ்வளவுதான். கேட்க வேண்டியதையும் சொல்லிடறேன்: வருஷத்துக்கு கிட்டத்தட்ட 140 கோடி டாலரை மாநிலங்களுக்கும் பழங்குடிகளுக்கும் கொடுக்கிற ரிகவரிங் அமெரிக்காஸ் வைல்ட்லைஃப் ஆக்ட்ங்கிற மசோதா 2022 ஜூன்ல கீழவையில 231க்கு 190ன்னு பாஸ் ஆச்சு, செனட்ல ஓட்டுக்கே வரல. திரும்ப கொண்டு வந்தா நீங்க ஆதரிப்பீங்களா, அதுக்கு காசு எங்கேர்ந்து எடுப்பீங்கன்னு கேளுங்க. ரெண்டாவது கேள்விக்கு பதில் வர்ற வரைக்கும் போனை வைக்காதீங்க, போன தடவை அது சிக்கினதே அங்கதான்.