பணியில் இருந்த காவலர் கொல்லப்பட்டார் என்ற செய்தி வந்தால் நாம் செய்ய வேண்டியவை

காவலர் ஒருவர் பணியின்போது கொல்லப்பட்டார் என்று கேள்விப்பட்டால் பெரும்பாலானவர்களுக்கு மனசு கலங்கத்தான் செய்கிறது. ஏதாவது செய்ய வேண்டும் என்று கை துடிக்கிறது. அந்தத் துடிப்பு எந்தப் பக்கம் போனால் அந்த வீட்டுக்கு உதவும், எந்தப் பக்கம் போனால் வலிக்கும் என்பதைத்தான் எழுதுகிறேன். என் அண்ணன் காவலராக இருந்தார். இரவு வாகனச் சோதனையில் நின்றிருந்தவர்மேல் நிற்காமல் வந்த வண்டி ஏறிவிட்டது. அதற்குப் பிறகு ஊரும் உலகமும் எப்படி நடந்துகொண்டன என்பதை வீட்டுக்குள் இருந்து பார்த்தவள் நான்.

முதலில், வீடியோ வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். "எவ்வளவு கொடூரம் பாருங்கள்" என்று வருத்தப்பட்டு அனுப்புவதும் அனுப்புவதுதான். 2015 ஜனவரி 7 அன்று பாரிஸில் அகமது மெராபே என்ற காவலர் நடைபாதையில் காயத்தோடு கிடந்தபோது கிட்ட வந்து சுட்டுக் கொன்றார்கள். அதை மேலிருந்து படம் எடுத்த ஒருவர் ஃபேஸ்புக்கில் போட்டார். மனசு கேட்காமல் கால் மணி நேரத்தில் எடுத்தும் விட்டார். அதற்குள் அது கைமாறி, தொலைக்காட்சிகளில் ஓட ஆரம்பித்துவிட்டது. சில நாள் கழித்து மெராபேயின் சகோதரர் பத்திரிகையாளர்கள் முன்னால் நின்று, எப்படி இதை ஒளிபரப்ப மனசு வந்தது என்று கேட்டார். அந்த வீடியோவில் கேட்டது தன் சகோதரனின் குரல் என்று தனக்குத் தெரிந்துவிட்டதாகச் சொன்னார். உங்களுக்கு வந்ததை அழித்துவிடுங்கள். குற்றத்தைக் காட்டும் காட்சி உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்றால், அழிக்காமல் விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். அது போக வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

அடுத்தது பெயர். துறை அதிகாரபூர்வமாகப் பெயரைச் சொல்லும்வரை நீங்கள் சொல்லாதீர்கள். அதிகாரி ஒருவர் நேரில் வீட்டுக்குப் போய்ச் சொன்ன பிறகுதான் பெயரை வெளியிட வேண்டும் என்று வைத்திருப்பது சும்மா சடங்குக்காக இல்லை. எங்கள் அம்மாவுக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில். "அம்மா, இது நம்ம தம்பி மாதிரி இருக்கே, பாருங்களேன்" என்று நீட்டினார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பதறிப்போய்த்தான் வந்தார். அந்தப் படத்தில் அண்ணனின் முகம்கூடத் தெளிவாக இல்லை. ஆனால் இடது பூட்ஸின் கயிறு கறுப்பு, வலது பூட்ஸுக்குப் பழுப்பு. முதல் நாள் ஒன்று அறுந்துபோய், அம்மாதான் வேறொன்றைக் கோத்துக் கொடுத்திருந்தாள். அதிகாரி படியேறி வந்தபோது அவர் சொல்வதற்கு எதுவும் மிச்சம் இல்லை.

சரி, இரங்கல் எழுத வேண்டும் என்றால் என்ன எழுதுவது? முழுப் பெயர், வயது, எந்தக் காவல் நிலையம், அந்த நேரத்தில் என்ன வேலை செய்துகொண்டிருந்தார், இவற்றை எழுதுங்கள். "வீர வணக்கம்" என்று மட்டும் போட்டால் தப்பில்லை. ஆனால் அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். "இரவு பதினோரு மணிக்குச் சாலையில் தனியாக நின்றிருந்தார்" என்பது ஒருவருக்குத்தான் பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குண்டடிபட்டு இறந்த காவலருக்குக் கிடைக்கும் கண்ணீர், வண்டி மோதி இறந்தவருக்குக் கிடைப்பதில்லை. "விபத்துதானே" என்று எங்கள் வீட்டு வாசலிலேயே ஒருவர் கேட்டார். நோயில் இறந்தவர் என்றால் அதுவும் கிடையாது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்காவில் பணி காரணமாகக் காவலர்கள் இறந்ததில் முதலிடத்தில் இருந்தது கொரோனாதான், துப்பாக்கி இல்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போய், தொற்றோடு வீடு திரும்பியவர்கள் அவர்கள். மரணம் எப்படி வந்தது என்று பார்த்து மரியாதையைக் கூட்டிக் குறைக்காதீர்கள்.

கோபத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். இங்கேதான் நல்லவர்கள்கூட வழி தவறுகிறார்கள். 2016 ஜூலை 7 இரவு அமெரிக்காவின் டாலஸ் நகரில், ஒரு போராட்டத்துக்குப் பாதுகாப்பு கொடுத்துக்கொண்டிருந்த காவலர்களில் 5 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்று இரவு சந்தேக நபர் என்று ஒருவரின் படம் காவல் துறையின் ட்விட்டர் பக்கத்திலேயே வந்தது. அவருக்கும் கொலைக்கும் சம்பந்தமே இல்லை. தன் படம் ஓடுகிறது என்று தெரிந்ததும் அவரே காவலர்களிடம் போய் நின்றார். விசாரித்து விட்டுவிட்டார்கள். ஆனால் கொலை மிரட்டல்கள் அவரை விடவில்லை. துறையே தவறிய இடத்தில் நம் கைக்கு வரும் ஃபார்வர்டை எப்படி நம்புவது? சந்தேக நபரின் படம், வீட்டு முகவரி, சாதி, மதம் எதையும் பரப்பாதீர்கள். "இந்தக் கூட்டமே இப்படித்தான்" என்ற பேச்சு எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். என் அண்ணனைக் கொன்றது ஒரு ஆள். அவன் பிறந்த தெருவில் இருப்பவர்கள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

போலீஸ் மேல் உங்களுக்கு மனக்கசப்பு இருக்கலாம். அதில் நியாயமும் இருக்கலாம். காவல் நிலையத்தில் அடிவாங்கியவர், லஞ்சம் கொடுத்து நொந்தவர் எல்லாரும் அழுதே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அழ முடியாவிட்டால் அமைதியாக இருங்கள், அதுவே போதும். பிணம் வீட்டில் இருக்கும்போது "நல்லா வேணும்" என்று எழுதாதீர்கள். அண்ணன் மகன் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த நேரம் அது. கேள்விகளைப் பிறகு கேளுங்கள், உரக்கவே கேளுங்கள். இந்த அடக்கம் காவலர்களுக்கும் வேண்டும். 2014 டிசம்பரில் நியூயார்க்கில் ரோந்து காரில் உட்கார்ந்திருந்த இரண்டு காவலர்கள் கொல்லப்பட்டார்கள். முதல் இறுதிச் சடங்கில் மேயர் பேசியபோது, வெளியே நின்றிருந்த காவலர்களில் பலர் அவர்மேல் இருந்த கோபத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது சடங்குக்கு முன்னால் ஆணையர் பில் பிராட்டன் தன் ஆட்களுக்கு எழுதினார்: இது துக்கத்துக்கான இடம், மனக்குறைக்கான இடம் இல்லை. அப்படியும் சிலர் திரும்பித்தான் நின்றார்கள். அன்றைய செய்தி இறந்தவரைப் பற்றியதாக இல்லாமல் போய்விட்டது.

துக்க வீட்டுக்குப் போனால் "எப்படி நடந்தது?" என்று கேட்காதீர்கள். ஒவ்வொருவருக்காகவும் அண்ணி அதை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. குழந்தையைப் பார்த்து "நீயும் போலீஸாகி அவனைப் பிடிக்கணும்" என்று சொல்லாதீர்கள். "இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பளை" என்பதும் வேண்டாம். ஏழு வயதுத் தோளில் அதையெல்லாம் ஏற்றக் கூடாது. இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். ஒரு கல்லூரிப் பெண் வந்திருந்தாள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற இரவில், அண்ணன் வயர்லெஸ்ஸில் பேசி ஒரு பெண் காவலரை வரவழைத்துத் தன்னை வீடுவரை அனுப்பிவைத்தார் என்றாள். அண்ணிக்கு அது புதுச் செய்தி. "என்ன சொல்லி அனுப்பினார்? குடை வைத்திருந்தாரா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த வாரத்தில் அண்ணி தானாக வாய் திறந்து பேசியது அவளிடம்தான்.

பண உதவி செய்வதானால், கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மனைவி அல்லது பெற்றோர் பெயரில் இல்லாத வசூலுக்கு, துறையில் விசாரிக்காமல் ஒரு காசும் அனுப்ப வேண்டாம். கவரை நீட்டிப் புகைப்படம் எடுப்பதும் வேண்டாம்.

பத்து, பதினைந்து நாளில் கூட்டம் கலைந்துவிடும். உண்மையான தேவை அப்போதுதான் தொடங்குகிறது. 1984 ஏப்ரல் 17 அன்று லண்டனில் லிபியத் தூதரகத்துக்கு வெளியே காவலுக்கு நின்ற இவோன் ஃபிளெட்சர் என்ற பெண் காவலர், உள்ளிருந்து வந்த குண்டில் இறந்தார். வயது 25. அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று மைக்கேல் வின்னர் என்ற திரைப்பட இயக்குநர் ஒரு நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். பொதுமக்கள் பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள். அதிலிருந்து ஓர் அறக்கட்டளையே உருவாகி, அவர் விழுந்த இடத்தில் அடுத்த ஆண்டே கல் வைத்தது, பிறகு மற்ற காவலர்களுக்கும் வைத்தது. ஒரு கடிதம் அவ்வளவு தூரம் போயிருக்கிறது. உங்கள் பகுதியில் காவலர் ஒருவர் இறந்த இடம் இருந்தால், அங்கே பெயர்ப்பலகையாவது இருக்கிறதா என்று கேட்டு மனு எழுதுங்கள். இந்தியாவில் அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையின் தாக்குதலில் 10 காவலர்கள் இறந்த நாள் அது. அன்று அந்த வீட்டுக்கு ஒரு போன் செய்தாலும் போதும்.

எல்லாவற்றையும்விட நீளமானது வழக்கு. சம்பவத்தை நேரில் பார்த்திருந்தால் தயவுசெய்து சாட்சி சொல்லுங்கள். அண்ணன் வழக்கில் பார்த்தவர்கள் பலர், கடைசிவரை வந்தவர் ஒரு லாரி ஓட்டுநர் மட்டும்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு வந்தார். அவர் முதலாளியாக நீங்கள் இருந்தால் அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால், அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அன்று நீதிமன்றத்துக்குக் கூட ஒருவர் வேண்டும், பள்ளி விட்டதும் பிள்ளையைக் கூட்டிவர இன்னொருவர் வேண்டும்.