வடசென்னையில் சுயேச்சையாக எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்கிறவர்களுக்கு

திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், ராயபுரம் என்று எந்தத் தொகுதியாக இருந்தாலும் சரி, பெரிய கட்சி பின்னால் இல்லாமல் நிற்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரைத்தான். மனு வாபஸ் வாங்கும் கடைசி நாள் முடிந்த பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் கைக்கு வரும். அன்றிலிருந்து வாக்குப்பதிவுக்குக் குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான், அதிலும் கடைசி 48 மணி நேரம் பிரச்சாரம் கூடாது. மிச்சம் இருப்பது பன்னிரண்டு பதின்மூன்று நாள். அந்த நாட்களில் போய் "நான் யார்" என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தால் கதை முடிந்தது. முகம் அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், தெருவுக்குப் புதிதாக இருப்பது சின்னம் மட்டும்தான் என்ற நிலை வர வேண்டும்.

அதனால் வேலையை ஒரு வருடம் முன்பே, வாக்காளர் பட்டியலில் தொடங்குங்கள். பாகம் பாகமாகப் பிரிண்ட் எடுத்து, அந்தந்தத் தெருவில் வைத்தே சரிபாருங்கள். நம் பக்கத்தில் இதற்குத் தனித் தேவை இருக்கிறது: ஹவுசிங் போர்டு கட்டடத்தை இடித்துக் கட்டுகிறார்கள் என்று வெளியே வாடகைக்குப் போன குடும்பங்கள், கால்வாய் ஓரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்கள், வருடா வருடம் வீடு மாற்றுகிறவர்கள் எல்லாம் இங்கே அதிகம். 2025 கடைசியில் வாக்காளர் பட்டியலையே புதிதாகச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம் வேறு தொடங்கியது, ஆகவே பழைய பட்டியலை வைத்து எந்தக் கணக்கும் போடாதீர்கள். பெயர் இல்லாதவருக்குப் படிவம் 6, முகவரி மாறியவருக்குப் படிவம் 8. இதை ஒரு வீட்டுக்கு உட்கார்ந்து பூர்த்தி செய்து கொடுத்துப் பாருங்கள், அந்த வீட்டில் உங்கள் பெயரை யாரும் மறக்க மாட்டார்கள். ஓட்டு உங்களுக்கு வந்தாலும் வராவிட்டாலும் ஒருவருக்கு ஓட்டுரிமை திரும்பக் கிடைக்கிறது, அதுவே செய்யத் தக்க வேலை.

அப்புறம் நடை. எந்தத் தெருவுக்கு எந்த நேரம் போவது என்பதுதான் இதில் பாதி வேலை. காசிமேட்டில் விடியற்காலை ஏலம் நடக்கும்போது கை கூப்பிக்கொண்டு போய் நின்றால் எரிச்சல்தான் வரும், மீன் வாங்கிய அக்காக்கள் கூடையோடு கிளம்புகிற அவசரத்தில் இருப்பார்கள். மதியத்துக்கு மேல் போங்கள். தேர்தல் தேதி வந்ததும் மீன்பிடித் தடைக்காலத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். 2021 ஏப்ரல் 6 வாக்குப்பதிவு தடைக்கு முன்பே முடிந்துவிட்டது, 2016 மே 16 தடைக்குள் வந்தது. கடலில் இருக்கிறவரைச் சந்திப்பதும் வருமானம் இல்லாமல் வீட்டில் இருக்கிறவரைச் சந்திப்பதும் ஒன்றல்ல, பேச்சும் மாற வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் சாயங்காலம் கேரம் கிளப், ஃபுட்பால் கிரவுண்டு. தெலுங்கும் உருதும் பேசுகிற தெருக்களுக்கு அந்த மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆட்டோ மைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு உள்ளே நடந்து போங்கள், பரீட்சை சமயத்தில் சந்துக்குள் மைக் போட்டால் இருக்கிற ஓட்டும் போகும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு எப்படியும் தடை.

என்ன பேசுவது? எண்ணூர் மக்கள் 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவையும், அதே மாதக் கடைசியில் அமோனியா கசிவையும் பார்த்தவர்கள். "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று நேராகவே கேட்பார்கள். கொடுங்கையூரில் குப்பைமேட்டைப் பற்றிப் பேசாமல் ஒரு தெருவைத் தாண்ட முடியாது. ஆனால் "ஜெயித்தால் மூடிவிடுவேன்" என்று சொல்லாதீர்கள். குப்பை மாநகராட்சியிடம் இருக்கிறது, அனல்மின் நிலையமும் துறைமுகமும் வேறு வேறு அரசுகளிடம். எம்.எல்.ஏ.வால் சட்டமன்றத்தில் கேள்வி கேட்க முடியும், அதிகாரியை வரவழைக்க முடியும், தொகுதி நிதியில் சில வேலைகள் செய்ய முடியும். அதை அப்படியே சொல்லுங்கள். இங்கே மக்கள் ஐம்பது வருட வாக்குறுதிகளைக் கேட்டவர்கள், முடிந்ததை மட்டும் சொல்கிறவரை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

வேட்புமனுவில் கவனம் தவறினால் இத்தனை நடையும் வீண். மனுவுக்குப் படிவம் 2பி, சொத்து, வழக்கு விவரங்களுக்குப் படிவம் 26 பிரமாணப் பத்திரம், டெபாசிட் 10,000 ரூபாய் (பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000). சுயேச்சைக்கு முன்மொழிய அதே தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் வேண்டும். 2017 டிசம்பர் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது இந்த இடத்தில்தான்: முன்மொழிந்தவர்களில் இரண்டு பேர் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்றார்கள். அவ்வளவு பிரபலமானவருக்கே அந்த நிலை. நான்கு செட் மனு வரை போடலாம், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பத்துப் பேரை வைத்துப் போடுங்கள். சின்னத்துக்கு மூன்று விருப்பம் எழுதச் சொல்வார்கள், தூரத்திலிருந்து பார்த்தாலும் பாட்டிக்குப் புரிகிற வீட்டுப் பொருளாகப் பாருங்கள். அதே இடைத்தேர்தலில் டி.டி.வி. தினகரன் சுயேச்சையாக குக்கர் சின்னத்தில் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவருக்கு முகம் ஏற்கெனவே தெரிந்திருந்தது, சின்னத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மிச்சமாக இருந்தது.

பணம். மனுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, எல்லாச் செலவையும் அதன் வழியாகவே செய்யுங்கள். உச்சவரம்பு 40 லட்சம், உங்களிடம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, பரவாயில்லை. நோட்டீசில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் முகவரியோடு இருக்க வேண்டும். ஆரத்தித் தட்டில் காசு போடாதீர்கள், அதுவும் ஓட்டுக்குப் பணம் கொடுத்ததாகத்தான் பார்க்கப்படும். பட்டுவாடாவால் 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் தேர்தலே ரத்தானது. உங்கள் தெருவில் நடந்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் வீடியோவோடு புகார் போடுங்கள். வாங்கியவர்களைத் திட்ட வேண்டாம், கஷ்டத்தில் இருக்கிறவர் வாங்கிவிட்டு உங்களுக்கும் ஓட்டுப் போடலாம். கொடுக்கிறவரோடுதான் நம் சண்டை.

பூத் ஏஜென்ட்டுக்கு முன்கூட்டியே ஆள் பாருங்கள். 250, 300 பூத்துக்கும் உட்கார வைக்க உங்களால் முடியாது, நன்றாக நடந்த பகுதிகளில் மட்டும் வையுங்கள். வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு நடக்கும், அதற்குப் போய்விட வேண்டும். சாயங்காலம், அந்த பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கு இருக்கிற 17சி படிவத்தின் நகலை வாங்காமல் வெளியே வரக் கூடாது. எண்ணுகிற அன்று இயந்திரம் காட்டும் மொத்தத்தை அதோடுதான் ஒப்பிடுவீர்கள்.

செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வந்தால் டெபாசிட் திரும்பும். வராவிட்டாலும் முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தோற்ற சோர்வில் இதை விட்டுவிட்டால் தேர்தல் ஆணையம் 3 வருடம் நிற்கத் தடை போடலாம், அடுத்து வரும் இடைத்தேர்தலோ கவுன்சிலர் தேர்தலோ கைவிட்டுப் போகும்.