ராணுவம் கழித்த எம்35 லாரியை வீட்டிலேயே சரிசெய்வது: முதலில் பிரேக்கைப் பாருங்கள்

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரியை ஏலத்தில் எடுத்து வாசலில் நிறுத்தியவர்கள் முதல் வாரமே பெயிண்ட், பெரிய டயர் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டும் கடைசி வேலை. காலி வண்டியே ஏறக்குறைய 6 டன், அதில் இருப்பதோ ஒற்றைச் சுற்று பிரேக். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் ஒன்றுதான், ஆயில் போகும் வழியும் ஒன்றுதான். எங்காவது ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலோ, துருப்பிடித்த பைப் ஒன்று பிய்த்துக்கொண்டாலோ எல்லாச் சக்கரத்துக்கும் சேர்த்தே பிரேக் போய்விடும், பெடல் தரை வரை போகும். ஹேண்ட் பிரேக் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) பின்னால் உள்ள டிரம்மைப் பிடிக்கிறது. நின்ற வண்டியை அசையாமல் வைக்கத்தான் லாயக்கு.

வாங்கும்போதே இரண்டு விஷயம். எஸ்.எஃப். 97 என்ற அமெரிக்க அரசுப் படிவம் வண்டியோடு வருமா என்று ஏலத்துக்கு முன்னாலேயே பாருங்கள், அதைக் காட்டித்தான் அமெரிக்காவில் அந்தந்த மாநில அரசிடம் டைட்டில், அதாவது உரிமைச் சான்று, வாங்க வேண்டும். ‘சாலைக்கு ஆகாது’ என்று போட்டு விற்கிற வண்டியை மலிவு என்று எடுத்துவிட்டுப் பிறகு அலைய வேண்டாம். அடுத்தது, டி.எம். 9-2320-361 வரிசைக் கையேடுகள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 10 என்று முடிவது ஓட்டுநருக்கு, 20 என்று முடிவது மெக்கானிக்குக்கு. லாரியையே பார்த்திராத சிப்பாய்க்கும் புரிகிற மாதிரி படம் போட்டு, எந்த நட்டை எப்போது கழற்றுவது என்று வரிசையாகச் சொல்லியிருப்பார்கள். இந்த வண்டியை வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடிவதற்கே பாதிக் காரணம் அந்தக் கையேடுதான்.

சரி, பிரேக். காற்று பிரேக் மாதிரி சத்தம் வரும், ஆனால் இது முழுக் காற்று பிரேக் இல்லை. காற்று உதவிக்கு மட்டும்தான், சக்கரத்தில் வேலை செய்வது ஆயில். 1980களில் ராணுவம் சிலிக்கான் பிரேக் ஆயிலுக்கு மாறியது, அதாவது டாட் 5, ஊதா நிறத்தில் இருக்கும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற டாட் 3-ஐ அதன்மேல் ஊற்றக் கூடாது, இரண்டும் கலக்காது. சிலிக்கான் ஆயில் தண்ணீரை உறிஞ்சாது என்பது நல்லதுதான், ஆனால் எப்படியோ உள்ளே போன தண்ணீர் சிலிண்டரின் அடியில் போய்த் தங்கி அங்கேயே அரிக்கும். அதனால் வெளியே கசிவு தெரியவில்லை என்றாலும் ஆறு வீல் சிலிண்டரையும் திறந்து பாருங்கள், ரப்பர் ஹோஸ்களைக் கேள்வியே கேட்காமல் மாற்றிவிடுங்கள். டிரம்மை மட்டும் தனியாக உருவ முடியாது என்பதுதான் இதில் தொல்லை. ஆக்ஸில் ஷாஃப்டை இழுத்து, பேரிங் நட்டைக் கழற்றி, ஹப்போடு சேர்த்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். கனம் அதிகம், இன்னொரு ஆள் வேண்டும். அதுவரை கழற்றிய பிறகு பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைக்காமல், ஆயில் சீலை மாற்றாமல் மறுபடி மாட்டுவது வீண் வேலை.

சக்கரத்தைக் கழற்றும்போது இடது பக்க நட்டுகள் எதிர்த்திசை மரை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் நீளமான பைப்பைச் செருகித் தொங்கி ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம். அப்புறம் ரிம். இது லாக் ரிங், அதாவது டயரைப் பிடித்து வைக்கிற தனி வளையம், போட்ட ரிம். காற்று இருக்கும்போது அந்த வளையம் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். வால்வு ஊசியை முழுதாகக் கழற்றி, காற்று மொத்தமும் போன பிறகுதான் வளையத்தில் கை வைக்க வேண்டும். திரும்பக் காற்றடிப்பது இரும்புக் கூண்டுக்குள் வைத்து மட்டும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதியே அப்படித்தான் சொல்கிறது. கூண்டு இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை லாரி டயர் கடைக்குக் கொடுத்துவிடுங்கள், இதில் மிச்சம் பிடிக்கிற காசு வேண்டாம்.

இன்ஜின் 6 சிலிண்டர், 7.8 லிட்டர், டீசலிலும் ஓடும், விமான எரிபொருளிலும் ஓடும், அவசரத்துக்குப் பெட்ரோலையும் குடிக்கும். எரிப்பு முறை ஜெர்மனியின் மான் கம்பெனியுடையது (நம் ராணுவத்தின் சக்திமான் லாரியும் அந்தக் கம்பெனி வடிவமைத்ததுதான்). நீங்கள் டீசல் மட்டும் போடுங்கள். ரொம்ப நாள் நின்ற வண்டி என்றால் டேங்கில் இருப்பதை வடித்துவிட்டு ஃபில்டர்களை மாற்றுங்கள். டிப் ஸ்டிக்கை இழுத்து மோந்து பாருங்கள். டீசல் வாடை வந்தாலோ அளவு கோட்டுக்கு மேலே இருந்தாலோ இன்ஜெக்ஷன் பம்ப் (சிலிண்டருக்கு டீசலைப் பீய்ச்சுகிற பம்ப்) பக்கமிருந்து இன்ஜின் ஆயிலுக்குள் டீசல் இறங்குகிறது, அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினை நிறுத்துகிற கேபிளை இழுத்து விடுங்கள், ஒருவர் பானெட் பக்கம் நின்று இன்ஜெக்ஷன் பம்பில் அந்தக் கேபிள் இழுக்கிற லீவர் உண்மையிலேயே அசைகிறதா என்று பார்க்கட்டும். பம்ப் உள்ளே இறுகிக் கிடந்தால் இன்ஜின் தறிகெட்டு ஏறும், கேபிளால் நிறுத்த முடியாது, காற்றை அடைத்துத்தான் நிறுத்த வேண்டும். அதனால் இன்ஜினுக்குள் காற்று போகும் பைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாயை முழுதாக மூடுகிற அளவு தடிப் பலகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். உள்ளங்கையால் மூடப் போகாதீர்கள். சுவிட்சைத் திருப்பியதும் டேங்குக்குள் பம்ப் முனகுவது கேட்கும், கூடவே பிரேக்குக்கான காற்று குறைவு என்று பஸ்ஸர் கத்தும். இன்ஜின் ஓடி, காற்று ஏறி, பஸ்ஸர் அடங்குகிற வரை வண்டியை நகர்த்த வேண்டாம்.

கரண்ட் 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக. பாட்டுப்பெட்டிக்கும் போன் சார்ஜருக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கிற குறுக்கு வழியை நிறையப் பேர் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒன்று வடிந்துபோகும், இன்னொன்று அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும், இரண்டும் போய்விடும். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் வாங்கி மாட்டுங்கள். விளக்கு எரியவில்லை என்று வயரிங்கைப் பிரிப்பதற்கு முன் ஒன்று: விளக்குக்கான மூன்று லீவர் சுவிட்சில் பூட்டு லீவரைப் பிடித்துக்கொண்டால்தான் மெயின் லீவர் ஹெட்லைட்டுக்குப் போகும். இல்லையென்றால் எதிரி கண்ணில் படாமல் போவதற்கான சின்ன விளக்கு மட்டும்தான். அதற்கும் மேலே பிரச்சினை என்றால் பத்தில் எட்டு தடவை எர்த் இணைப்பில் பிடித்த துருதான் காரணம்.

இத்தனையும் முடிந்த பிறகு அலங்காரம். பழைய ராணுவப் பெயிண்டை, குறிப்பாக ரசாயனம் தாங்குகிற வகையை, வெறும் மூக்கோடு தேய்க்காதீர்கள், அடியில் குரோமியம் கலந்த பிரைமர் இருக்கலாம். நல்ல மாஸ்க் போட்டு, நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. பின் ஆக்ஸில் ஒன்றை எடுத்துவிட்டு வண்டியைக் குட்டையாக்குவது பலருக்கும் ஆசை, பார்க்கவும் அம்சமாகத்தான் இருக்கும். அதோடு 395/85ஆர்20 மாதிரி அகலமான டயரையும் போட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள் கழன்றுவிடும், இதில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஆகவே டயருக்கு முன்னால் ஸ்டீயரிங்குக்குப் பணம் ஒதுக்குங்கள். சேஸிஸை வெட்டி ஒட்டுவது கனரக வண்டி வெல்டர் வேலை. பிரேக்கில் கூடுதல் செலவு செய்ய மனமிருந்தால் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றுங்கள், வேறு எந்த அலங்காரத்தையும் விட எனக்கு அதுதான் பிடிக்கும்.

இன்னொன்று, இந்த வண்டிக்குச் சாவியே கிடையாது. சுவிட்சைத் திருப்பி பட்டனை அழுத்தினால் யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம், அதனால் ஸ்டீயரிங்கைச் சுற்றி ஒரு கனத்த சங்கிலியும் பூட்டும் போடுங்கள்.