ஈஸ்ட்டில் பூஞ்சை நொதி: எங்கே சறுக்குகிறோம்?

பூஞ்சை மரபணுவை ஈஸ்ட்டில் ஏற்றியாயிற்று. செல்கள் நன்றாக வளர்கின்றன, வளர்ப்புத் திரவத்தில் மட்டும் நொதியைக் காணோம். உடனே பலரும், மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதியான புரோமோட்டரில் இன்னும் வலுவானதைத் தேடிப் போகிறார்கள். என்னைக் கேட்டால், மிகப் பெரிய தவறு இதுதான்.

முதலில் செல்லை உடைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் ஆன்டிபாடி வைத்து அருகருகே சோதித்தால் விஷயம் தெரிந்துவிடும். நொதி உள்ளேயே குவிந்திருந்தால் உற்பத்தியில் குறை இல்லை; வெளியே போகும் புரதங்கள் மடியும் செல்லறையான எண்டோபிளாஸ்மிக் வலையில் புரதம் சரியாக மடியாமல் நெரிசல். அங்கே வலுவான புரோமோட்டரைப் போடுவது, அடைத்த குழாயில் இன்னும் தண்ணீர் விடுவதுதான். 30 டிகிரியிலிருந்து 20, 25க்கு இறக்கிப் பாருங்கள், மரபணு நகல்களைக் குறையுங்கள். கந்தக அணுக்களை இணைக்கும் டைசல்பைடு பிணைப்புகள் அதிகமுள்ள நொதி என்றால், அவற்றைச் சரியாக அமைக்க உதவும் பிடிஐ புரதத்தையும் சேர்த்து உற்பத்தி செய்வது சில சமயம் கைகொடுக்கும்.

உள்ளேயும் இல்லையா? மரபணுவை எதிலிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். பூஞ்சை மரபணுவின் இடையிடையே வரும், புரதமாகாத இன்ட்ரான் துண்டுகளை ஈஸ்ட் பெரும்பாலும் சரியாக வெட்டாது; அவை நீங்கிய ஆர்என்ஏவிலிருந்து எடுத்த சிடிஎன்ஏ வேண்டும்.

அடுத்து சிக்னல், அதாவது புரதத்தை வெளியே அனுப்பச் சொல்லும் முன்பகுதி. அதற்காக ஈஸ்ட்டின் ஆல்ஃபா ஃபேக்டர் முன்தொடரை ஒட்டிவிட்டு, நொதியின் சொந்த சிக்னலை நீக்க மறப்பவர்கள் உண்டு. ஈஸ்ட்டின் வெட்டும் நொதியான கெக்ஸ்2, முன்தொடரின் முடிவருகே உள்ள லைசின்-ஆர்ஜினின் அமினோ அமில ஜோடிக்குப் பின்னால் வெட்டும். பழைய சிக்னல் நொதியின் தலையிலேயே தங்கிவிடும். அதே ஜோடி நொதியின் வெளிப்புறத்தில் எங்காவது இருந்தால் அங்கேயும் வெட்டு விழலாம்.

புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் தெளிவான பட்டைக்குப் பதில், எதிர்பார்த்த அளவுக்கு மேலே இழுவிக்கொண்டு ஒரு மங்கல் தெரிகிறதா? புரதம் சிதைந்ததாக எண்ணிக் கொட்டிவிடாதீர்கள். ஈஸ்ட் நீளமான மேனோஸ் சர்க்கரைச் சங்கிலிகளை ஏற்றியிருக்கலாம். அந்தச் சங்கிலிகளை வெட்டும் எண்டோ ஹெச் நொதியைக் கலந்து மீண்டும் ஓட்டுங்கள். மங்கல் கீழிறங்கி ஒரே பட்டையானால் காரணம் அதுதான்.

பிக்கியா என்ற ஈஸ்ட்டில் உற்பத்தியைத் தூண்ட மெத்தனால் ஊற்றும்போது கிளிசரால் மிச்சமிருந்தால், மெத்தனாலால் இயங்கும் ஏஓஎக்ஸ்1 புரோமோட்டர் அடங்கியே கிடக்கும். பஃபர் இல்லாத ஊடகம் புளித்துப்போய், வெளியே வந்த நொதியும் வீணாகலாம்.

அப்புறம் சோதனை. சர்க்கரையை விடுவிக்கும் செல்லுலேஸ், அமைலேஸ் நொதிகளில் வேலை செய்வோர், சர்க்கரையைக் காட்டும் டிஎன்எஸ் வினைப்பொருளின் நிறம் செக்கச்செவேலென்று வந்ததும் குதிப்பார்கள். ஊடகத்தில் மிஞ்சிய குளுக்கோஸும் அதே நிறத்தைத்தான் தரும். நொதி மரபணு இல்லாத வெற்று வெக்டர் ஏற்றிய ஈஸ்ட்டின் திரவத்தையும் பக்கத்துக் குழாயில் வைத்துப் பாருங்கள், அதுவும் சிவந்தால் நீங்கள் அளந்தது ஊடகத்தில் மிஞ்சிய சர்க்கரையைத்தான்.